மூன்று செட் பாஸ்

வருடத்துக்கு மூன்று செட் பாஸ்.
ஐ.சி.எஃப்பில் ரயில் பெட்டிக்கு விளக்கு மாட்டுகிறவள் நான்.
பிலோமினா பெர்த்துக்கு போல்ட் முறுக்குகிறவள்.
எங்கள் பெட்டிகள் போகாத ஊர் இல்லை.
நாங்கள் அரக்கோணம் தாண்டியது
இரண்டே முறை,
இரண்டும் சாவுக்கு.

"எழுதுடீ" என்றாள் கேன்டீனில்,
தக்காளி சாதத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு.
கிராஃப் தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டேன்.
ஜனவரி, பிப்ரவரி என்றுதான் பெயர்.
லீவு தருகிறவர்களுக்கு வேறு மாதம் தெரியாது.

ஏப்ரலில் குவாஹாட்டி. பிஹு.
எருமைக்கொம்பு ஊதுவார்களாம்.
ஜூனோ ஜூலையோ, பூரியில் தேர்.
ஆகஸ்டில் ஆலப்புழை,
நூறு பேர் துடுப்புப் போடும் படகு.
அக்டோபரில் கல்கத்தா,
கும்பிட்டு முடித்து ஆற்றில் விடுவதற்கென்றே ஓர் அம்மன்.
நவம்பரில் புஷ்கர். அங்கே ஒட்டகத்துக்குக் கொலுசு.
ஊர் ஐந்து, பாஸ் மூன்று.

பிஹுவுக்குக் குறுக்கே குருத்தோலை ஞாயிறு வந்தது.
பூரித் தேருக்கு இரண்டு பஞ்சாங்கம் பார்த்தோம்,
இரண்டு தேதி.
எந்தத் தேதிக்கும் வெயிட்டிங் லிஸ்ட் இருநூறு.
இங்கே கம்பி வளைக்கிற பையன்கள் எல்லோரும்
அந்த வண்டியில்தான் ஊருக்குப் போகிறார்கள்.
"அவன் சீட்டைப் புடுங்கிக்கினு போய்
அவன் தேரையே பாக்கணுமா?"
பிலோமினா அடித்துவிட்டாள்.

ஆலப்புழை மட்டும் ஒழுங்கானது.
ஆகஸ்ட், இரண்டாவது சனிக்கிழமை.
நிலா கிடையாது, நட்சத்திரம் கிடையாது.
ஆபீஸ் நாற்காலி மாதிரி ஒரு திருவிழா.

வெள்ளி இரவு வண்டி.
சைடு லோயர், சைடு அப்பர்.
புளிசாதம், துண்டு,
பழக்கதோஷத்தில் ஒரு டெஸ்டர்.

ஆட்டோ வரவில்லை.
தெருமுனையில் மூங்கில் கட்டியிருந்தது.
"அம்மன் கெளம்பிட்டாங்க, அந்தாண்ட வா மேடம்."
அந்தாண்டையும் அம்மன்தான், வேறு அம்மன்.
அயனாவரத்தில் அன்றைக்கு நாங்கள் எண்ணியது ஏழு.
வருடா வருடம் நடப்பதுதான்.
திருவிழா என்றால் ரயிலேறிப் போவது என்று
நாங்களாக வைத்திருந்தோம்.

பைகளைத் தலையில் ஏற்றி
டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்தோம்.
டீசல், வேப்பிலை, சாம்பிராணி.
கரகம் எடுத்திருந்தது பெயின்ட் ஷாப் துரைக்கண்ணு.
நேற்று என்னிடம் நூறு ரூபாய் கைமாற்று வாங்கியவன்,
என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தான்.

வண்டிக்குப் பதினெட்டு நிமிடம் இருக்கையில்
இருமி இருமி விளக்கெல்லாம் போயிற்று.
அம்மன் இருட்டில்.
பம்பைக்காரர் குச்சி பாதியில் நின்றது.

"தோ, லைட்டு அக்கா!"
யாரென்று தெரியவில்லை. பொம்பளைக் குரல்.

"போவாதே" என்று
துப்பட்டாவைப் பிடித்தாள் பிலோமினா.
போனேன்.
கருகியது ஒரே ஒரு ஒயர். சிரிப்பு வரும் அளவுக்குச் சின்ன வேலை.
பல்லால் சீவி முறுக்கினேன்.
ஆயிரம் சீரியல் பல்பு ஒரே மூச்சில் எரிய,
"பராசக்தி" என்று தெருவே கத்தியது.
எல்லோரும் அம்மனைப் பார்த்தார்கள்.
நான் ஒயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்,
சூடாகிறதா என்று.

எங்கள் வண்டி பெரம்பூர் தாண்டிப் போயிருக்கும்.
பம்பையில் ஒன்றும் கேட்கவில்லை.
அதில் ஏதோ ஒரு பெட்டியில்
நான் மாட்டிய விளக்கை எவரோ அணைத்துவிட்டுப்
படுத்திருப்பார்.

பை மேல் உட்கார்ந்து
தொன்னைப் பொங்கலைக் கோபமாகத் தின்றாள் பிலோமினா.
"ஒரு செட் போச்சு."
முந்திரியை மட்டும் என் பக்கம் தள்ளினாள்.
"அடுத்த வருஷம் ரெண்டாவது சனி என்னிக்கு?"

விரல் விட்டு எண்ணினேன்.
எட்டுக்கும் பதினாலுக்கும் நடுவில்தான் விழும்.
கோயில் சுவரில் ஆணியில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்,
எங்கள் தாளில் இல்லாத மாதம்
அதில் சிவப்பில் இருந்தது.
"ஆடி" என்றேன்.
"அதுக்கடுத்த வருஷம்?"
"அதுவும் ஆடி. முந்தின நாள் ஆடி வெள்ளி.
எந்த வருஷம் போனாலும்
இவங்களும் இதே நேரத்துக்குத்தான் கெளம்புவாங்க."

தொன்னையை வழித்து நக்கினாள்.
"அப்ப வியாழக்கெழம வண்டி."